பேராளர் நாற்காலி குளிர்காலத்திலேயே நிரம்பிவிடுகிறது: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர்கள், செயலாளர்கள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, கோடை பிறந்ததும் சங்கங்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்றிவரும். "கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் பேராளராகப் போவது எப்படி? நம்மவர் யாராவது போகிறார்களா?" பேராளர் (delegate) என்பவர், கட்சியின் அதிபர் வேட்பாளரை மாநாட்டில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி. கேள்வி நல்ல கேள்விதான். கேட்கும் மாதம்தான் தவறு. தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற அந்த நாற்காலிகளில் யார் உட்காருவது என்பது ஜூன் மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோயிருக்கும். பல மாநிலங்களில் விண்ணப்பிக்கும் கடைசி நாள் அதற்கும் சில மாதங்கள் முன்பே கடந்திருக்கும்.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 21 அன்று ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகினார். அடுத்து வேட்பாளராக வர விரும்புகிறவர் குறைந்தது 300 பேராளர்களின் கையெழுத்தைப் பெற வேண்டும், ஒரே மாநிலத்திலிருந்து 50 பேருக்கு மேல் கணக்கில் வராது என்று கட்சி விதித்தது. ஆகஸ்ட் 1 முதல் 5 வரை இணையவழியில் வாக்கெடுப்பு நடந்தது. 19ஆம் தேதி சிகாகோ யுனைடெட் சென்டரில் மாநாடு தொடங்கியபோது கமலா ஹாரிஸ் வேட்பாளராகி இரண்டு வாரம் ஆகிவிட்டது. டிஜே இசையோடு அரங்கில் மாநிலம் மாநிலமாகப் பெயர் அழைத்து நடந்த வாக்கெடுப்புச் சடங்கு, முடிந்துபோன கல்யாணத்துக்கு வைத்த வரவேற்பு. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் கோயில் பூசை நடந்ததை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். சென்னையில் பிறந்த சியாமளாவின் மகளுக்கு வாக்களித்தவர்களோ, சில மாதங்களுக்கு முன் பைடன் பெயரில் படிவம் நிரப்பி, தங்கள் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிக் கூட்டத்தில் ஆள் திரட்டி ஜெயித்தவர்கள். இப்படியொரு வாக்கு தங்கள் கைக்கு வரும் என்று படிவம் கொடுத்த அன்று அவர்களுக்கே தெரியாது.

எனவே எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: பேராளர் தேர்வைப் பற்றிய விளக்கக் கூட்டத்தை 2028 கோடையில் வைக்காதீர்கள், 2027 அக்டோபரில் வையுங்கள். ஏன் என்பதையும், கூட்டத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் கீழே எழுதுகிறோம். எண்களும் விதிகளும் 2024 வரையிலானவை. ஒவ்வொரு சுற்றிலும் கட்சிகள் எதையாவது மாற்றும் என்பதால், 2028க்கான உங்கள் மாநில ஆவணம் வந்ததும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சங்கத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை. நம் சங்கங்களில் பெரும்பாலானவை 501(சி)(3) வரிவிலக்குப் பெற்றவை. ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ ஒரு வரி கூடச் சங்கத்தின் பெயரில் வரக் கூடாது. சங்க மின்னஞ்சல் பட்டியலை ஒரு பிரசாரக் குழுவுக்கு மட்டும் கொடுப்பதும், பொங்கல் விழா மேடையில் ஒருவரை மட்டும் ஏற்றி "இவருக்கு வாக்களியுங்கள்" என்பதும் வரிவிலக்கையே பறித்துவிடும். ஆனால் தேர்வு முறையை விளக்குவது குற்றமல்ல. இரண்டு கட்சிகளின் வழிமுறையையும் சம நேரம் ஒதுக்கி, யார் பெயரையும் தூக்காமல் சொன்னால் அது குடிமைக் கல்வி. சங்கத் தலைவர் தாமே பேராளராகப் போட்டியிடலாம், தனிநபராக. துண்டறிக்கையில் சங்க முத்திரை இருக்கக் கூடாது, அவ்வளவே.

இனி காலண்டர். நம் விழாக்களோடு சேர்த்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

2027 சித்திரையை ஒட்டிய மாதங்களில் ஜனநாயகக் கட்சியின் மாநிலக் கிளைகள் தங்கள் பேராளர் தேர்வுத் திட்டத்தின் வரைவை வெளியிடும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். எந்தத் தொகுதிக்கு எத்தனை இடம், படிவத்துக்குக் கடைசி நாள் எது, கூட்டம் நேரிலா இணையத்திலா, ஆசிய அமெரிக்கர்களுக்கும் இளைஞர்களுக்கும் எத்தனை இடம் இலக்கு என்று எல்லாம் அந்த ஆவணத்தில்தான் இருக்கும். வாசிப்பவர்கள் மிகக் குறைவு. கருத்து அனுப்புவதானால் சங்கத்தின் பெயரில் வேண்டாம், தனித்தனியாக அனுப்புங்கள்.

தீபாவளி வாக்கில் கட்சிப் பதிவை, அதாவது வாக்காளர் பட்டியலில் நீங்கள் எந்தக் கட்சிக்காரர் என்று இருக்கிறது என்பதை, சரிபார்க்க வேண்டும். இது சிறு வேலை, ஆனால் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம். நியூயார்க்கில் 2016 ஏப்ரல் பிரைமரிக்கு (கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் சொல்லும் முதல்நிலைத் தேர்தலுக்கு), ஏற்கெனவே பதிவு பெற்ற வாக்காளர் கட்சி மாற 2015 அக்டோபர் 9ஆம் தேதியே கடைசி. டொனால்ட் டிரம்பின் மகனும் மகளுமே அதைத் தவறவிட்டு அப்பாவுக்கு வாக்களிக்க முடியாமல் போனார்கள். அந்தத் தேதியை மாநிலம் பிறகு தளர்த்தியது. நியூஜெர்சியில் கட்சி மாற, பிரைமரிக்கு 55 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். டெக்சாசில் கட்சிப் பதிவு என்ற ஒன்றே கிடையாது. எந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கிறீர்களோ அந்த ஆண்டுக்கு அந்தக் கட்சி. நியூஜெர்சி எடிசனில் இருக்கும் அண்ணன் சொன்னதைக் கேட்டு டாலஸில் இருக்கும் தம்பி நடந்தால் வேலை கெடும்.

பொங்கலை ஒட்டிப் படிவம். மறு சித்திரையை ஒட்டித் தொகுதிக் கூட்டங்களும் மாநில மாநாடுகளும். ஜூலை 4 வாரத்தில் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழாவுக்கு நாம் கூடும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

ஜனநாயகக் கட்சியில் பேராளர் இரண்டு வகை. தேர்ந்தெடுக்கப்பட்டு ஒரு வேட்பாளருக்கு உறுதியளித்தவர்கள் ஒரு வகை. கட்சித் தலைவர்கள், எம்.பி.க்கள், ஆளுநர்கள் என்று பதவியால் தானாக வருகிறவர்கள் இன்னொரு வகை. போட்டி உள்ள மாநாட்டில் இந்த இரண்டாம் வகையினர் முதல் சுற்றில் வாக்களிக்கக் கூடாது என்று 2018இல் விதி வந்தது. நம்மவர்கள் குறிவைக்க வேண்டியது முதல் வகையை, அதிலும் தொகுதிவாரி இடங்களை. ஒரு மாநிலத்தின் அடிப்படை ஒதுக்கீட்டில் முக்கால் பங்கு தொகுதி அளவில் போகும். மீதிக் கால் பங்கு மாநில அளவிலான இடங்கள்.

படிவத்தில் எந்த வேட்பாளருக்காக நிற்கிறீர்கள் என்று எழுதி உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். பிறகு அந்தப் பட்டியல் வேட்பாளரின் பிரசாரக் குழுவுக்குப் போகும். பிடிக்காத பெயரை அவர்கள் நீக்கலாம். நேற்றுவரை எதிரணிக்குப் பணம் கொடுத்தவர், பழைய ஃபேஸ்புக் பதிவில் வேட்பாளரைத் திட்டியவர் இங்கேயே உதிர்வார்கள். பிரசாரத்தில் ஏற்கெனவே தொலைபேசி வேலையோ கதவு தட்டும் வேலையோ செய்தவரின் பெயர் அநேகமாக நிற்கும்.

அடுத்து வருவது கணக்கு. 15 விழுக்காட்டுக்குக் கீழே வாங்கிய வேட்பாளருக்கு ஒரு பேராளரும் கிடையாது. உங்கள் தொகுதிக்கு 6 இடம் என்று வைத்துக்கொள்வோம். முதல்வர் 55, இரண்டாமவர் 30, மூன்றாமவர் 10 விழுக்காடு, உதிரிகளுக்கு மீதி. மூன்றாமவரும் உதிரிகளும் கழிந்துபோக, 85இல் 55 என்பது 3.88 இடம், 85இல் 30 என்பது 2.12 இடம். ஆக 4, 2. மூன்றாமவருக்காக மனுச் செய்தவர் எவ்வளவு அருமையாகப் பேசினாலும் வீட்டில் இருக்க வேண்டியதுதான். இந்த வரம்பு மாநிலத்துக்கும் தொகுதிக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படும். 2024 மிச்சிகனில் "யாருக்கும் உறுதியில்லை" என்ற தெரிவுக்கு மாநில அளவில் 15 விழுக்காடு கிடைக்கவில்லை. ஆனாலும் அது தொகுதிகளில் வரம்பைத் தாண்டி 2 பேராளர்களைப் பெற்றது. ஆகவே மனுச் செய்யுமுன் மாநிலக் கருத்துக்கணிப்பைப் பார்க்காதீர்கள், உங்கள் தொகுதியைப் பாருங்கள்.

பாலின விதியும் உண்டு. ஆண் பேராளரும் பெண் பேராளரும் எண்ணிக்கையில் சரிபாதி இருக்க வேண்டும். ஆகவே ஆண்களுக்கு விழுந்த வாக்கு ஒரு பட்டியலாகவும் பெண்களுக்கு விழுந்த வாக்கு இன்னொரு பட்டியலாகவும் எண்ணப்படும். 70 வாக்கு வாங்கிய ஆண் தோற்று 50 வாங்கிய பெண் ஜெயிப்பதில் சூது எதுவும் இல்லை. இதில் நமக்கு ஓர் அனுகூலம்: கணவனும் மனைவியும் ஒரே தொகுதியில் நின்றால் ஒருவர் வாக்கை இன்னொருவர் தின்னமாட்டார். தொகுதியில் தோற்றவர் மனம் தளர வேண்டாம். மாநில அளவிலான இடங்கள், இலக்கில் குறைந்த பிரிவினரை நிரப்பப் பயன்படுபவை. 36 வயதுக்கு உட்பட்ட தமிழ்ப் பெண்ணுக்கு அங்கே நல்ல வாய்ப்பு. ஆனால் அதற்கான விருப்பத்தைப் படிவத்தில் தனியாகத் தெரிவித்திருக்க வேண்டும், அல்லது தனிப் படிவம் கொடுத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பின்னால் வருந்துபவர்கள் உண்டு.

தொகுதிக் கூட்டத்தில் ஜெயிப்பது பேச்சால் அல்ல. ஒருவருக்கு ஒரு நிமிடம், சில இடங்களில் அரை நிமிடம். வெற்றியைத் தீர்மானிப்பது நீங்கள் அழைத்துவந்து கடைசிவரை உட்காரவைத்த ஆட்கள். நூலகத்திலோ தொழிற்சங்க அலுவலகத்திலோ சனிக்கிழமை காலை நடக்கும் கூட்டத்துக்குப் பெருங்கூட்டம் வராது. பட்டிமன்றத்துக்கு வரும் கூட்டத்தில் நாலில் ஒரு பங்கு வந்தாலே பல தொகுதிகளில் முடிவு மாறும். வருகிறவர் அதே தொகுதியின் வாக்காளராக, அதே கட்சிக்காரராக இருக்க வேண்டும். வாசலில் பட்டியலோடு சரிபார்ப்பார்கள். பக்கத்துத் தொகுதி நண்பர்களை வேனில் ஏற்றி வந்து பயனில்லை. அணி சேர்வதும் முக்கியம்: 2 இடத்துக்கு நிற்கும் இருவர் ஒருவர் ஆதரவாளரை இன்னொருவருக்கும் வாக்களிக்கச் சொல்லிக் கூட்டுப் பட்டியல் அடித்துக் கொடுப்பார்கள். தனியாக நிற்கும் தமிழர் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்.

சில மாநிலங்களில் பேராளர் பெயரே பிரைமரி வாக்குச்சீட்டில் வரும். இல்லினாய் அப்படி. 2016இல் அங்கே குடியரசுக் கட்சி பிரைமரியில், ஒரே வேட்பாளருக்கு உறுதியளித்த மூவரில், வெளிநாட்டுப் பெயர் போல ஒலித்தவர்கள் மற்ற இருவரைவிடக் குறைவான வாக்கு வாங்கினார்கள். டிரம்புக்கு வர வேண்டிய சில இடங்கள் அதனால் கைநழுவின. அவருடைய வாக்காளர்களே அவருடைய பேராளரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஐந்தெழுத்துக் குடும்பப் பெயருக்கும் பதினைந்தெழுத்து அப்பா பெயருக்கும் வித்தியாசம் என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெயரை வெட்டச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மாநிலத்தில் அண்டை வீட்டாரிடம் பெயரோடு முகத்தையும் கொண்டு சேர்க்கும் வேலை மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதலாக இருக்கும் என்கிறோம்.

குடியரசுக் கட்சியின் பாதை வேறு. எண்ணிக்கை குறைவு, 2024 மில்வாக்கி மாநாட்டில் மொத்தம் 2,429 பேராளர்கள். பாலின ஒதுக்கீடும் இனவாரி இலக்கும் இல்லை. அடிப்படைக் கணக்கு: ஒரு காங்கிரஸ் தொகுதிக்கு 3, மாநிலத்துக்கு 10, கட்சியின் தேசியக் குழுவில் இருக்கும் மூவர், அதற்கு மேல், கட்சி வென்ற மாநிலங்களுக்குக் கிடைக்கும் ஊக்க இடங்கள். மார்ச் 15க்கு முன் பிரைமரி நடத்தும் மாநிலம் விகிதாசாரமாகப் பிரிக்க வேண்டும். அதற்குப் பின் வைத்தால் ஜெயித்தவருக்கே எல்லாவற்றையும் கொடுக்கலாம்.

டெக்சாஸ் உதாரணம் சொன்னால் படிநிலை விளங்கும். 2024இல் அந்த மாநிலத்துக்கு 161 பேராளர். 38 தொகுதிக்கு மும்மூன்றாக 114, மீதி 47. மார்ச் பிரைமரியில் வாக்களித்தவர் தம் வாக்குச்சாவடி வட்டத்தின் கூட்டத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து மாவட்ட மாநாடு, அங்கிருந்து மாநில மாநாடு. அந்த ஆண்டு மாநில மாநாடு சான் அன்டோனியோவில் மே 23 முதல் 25 வரை நடந்தது. தேசிய மாநாட்டுக்கான மூவரை அங்கே கூடும் தொகுதிக் குழுதான் தேர்ந்தெடுக்கும். முதல் படியில் கால் வைக்காதவருக்கு மேல் படி இல்லை. முதல் படியோ பல வட்டங்களில் நாலைந்து பேர் கூடி அரை மணியில் கலையும் கூட்டம். தேசிய மாநாட்டுக்கு வழி அந்த அறையில் இருக்கிறது என்று பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். 2028 குடியரசுக் கட்சி மாநாடு ஹூஸ்டனில் என்று 2023இலேயே முடிவாகிவிட்டதால், பியர்லாந்து மீனாட்சி கோயிலைச் சுற்றி வாழும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு வாசிக்கலாம்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பேராளரின் செலவைக் கட்சி தராது. விமானம், மாநிலக் குழுவுக்கு ஒதுக்கப்பட்ட ஓட்டலில் நான்கைந்து இரவு, மாநிலக் குழுவின் கட்டணம் எல்லாம் சேர்த்து 3,000 முதல் 6,000 டாலர் வரை ஒதுக்கிவையுங்கள். அந்த ஓட்டலை விட்டுவிட்டு மலிவான இடம் தேடுவது சிக்கனம்போலத் தோன்றும். ஆனால் நுழைவு அட்டை காலைச் சிற்றுண்டியில் அங்கேதான் கொடுக்கப்படும், அரங்குக்குப் பேருந்தும் அங்கிருந்துதான் கிளம்பும்.

நம்மவர்கள் உடனே வசூலில் இறங்குவோம். இங்கேதான் ஆபத்து. பேராளர் தேர்வுக்கும் மாநாட்டுப் பயணத்துக்கும் வாங்கும் பணம் கூட்டரசின் தேர்தல் நிதிச் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டவர் பணம் கூடாது. எச்1பி, எல்1, எஃப்1 விசாவில் இருப்பவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே, பத்தாண்டு வரி கட்டியிருந்தாலும். ஊரிலிருந்து அப்பா அனுப்பும் பணமும் அப்படியே. கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம். கார்ப்பரேஷன் பணம் கூடாது. கன்சல்டிங் கம்பெனி நடத்தும் நண்பர் கம்பெனிக் காசோலையில் 500 டாலர் எழுதினால் திருப்பிக் கொடுத்து, சொந்தக் கணக்கிலிருந்து எழுதச் சொல்லுங்கள். சங்க நிதியைத் தொடவே கூடாது. சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஜெல் (Zelle பணப் பரிமாற்றச் செயலி) எண்ணைப் போட்டு "ஆளுக்கு இருபது டாலர்" என்று வசூலித்தால், யார் என்ன விசாவில் இருக்கிறார் என்று தெரியாமலே தவறு நடந்துவிடும். கொடுப்பவரின் பெயர், முகவரி, குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உறுதிமொழி மூன்றையும் வாங்கிக்கொண்டு பிறகு பணம் வாங்குவதே முறை.

மாநாட்டு நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சில நடைமுறைகள் மட்டும். நுழைவு அட்டை ஒவ்வொரு நாளும் புதிது. தொலைத்தால் மாற்று கிடைக்கும் என்று நம்பாதீர்கள். துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் அனுமதி கிடையாது. விருந்தினர் அட்டை மாநிலக் குழுவுக்குச் சிலவே வரும், ஆகவே குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டுப் பிறகு தலையில் கை வைக்காதீர்கள். அரங்கைச் சுற்றி சீக்ரெட் சர்வீஸ் வளையம். குடை, தண்ணீர்ப் புட்டி, பெரிய பை எதுவும் உள்ளே போகாது. புளியோதரைப் பொட்டலமும் வாசலோடு நின்றுவிடும். உள்ளே சைவர்களுக்குக் கிடைப்பது பாப்கார்ன், பிரெட்சல், நாச்சோ வகைதான் என்று எண்ணிக் கிளம்புமுன்பே சாப்பிட்டுவிடுங்கள். சேலை கட்டுபவர்கள் ஊக்குகளைக் குறைத்து, சால்வை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகஸ்டாக இருந்தாலும் அரங்கு குளிரும். 2024 சிகாகோவில் முதல் இரவு நிகழ்ச்சி நீண்டு, பைடன் பேசத் தொடங்கவே இரவு பத்தரை ஆனது. ஓட்டலுக்குத் திரும்பிப் படுத்தவர்களுக்கு மறுநாள் காலைச் சிற்றுண்டிக் கூட்டம் காத்திருந்தது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெயர் ஒட்டிய குப்பியோடு கையில் வைத்திருங்கள்.

மாற்றுப் பேராளராகத் தேர்வானவர் முகம் சுளிக்க வேண்டாம். நான்கு இரவும் யாராவது எழுந்து போய்க்கொண்டே இருப்பார்கள். மாநிலக் குழுச் செயலாளரின் கண்ணில் படும் இடத்தில் நிற்பவருக்கு நாற்காலி கிடைக்கும்.

உட்கார்ந்தபின் என்ன அதிகாரம்? பெரும்பாலும் கைதட்டும் அதிகாரம். எந்தப் பதாகையை எப்போது தூக்குவது என்பதைக்கூட நிறச் சட்டை போட்ட கட்சிக் கொறடா வந்து சொல்வார். குரல் வாக்கெடுப்பில் மேடையின் காதுதான் தீர்ப்பு. 2012 சார்லட் ஜனநாயகக் கட்சி மாநாட்டில், கொள்கை அறிக்கையில் ஜெருசலேம் பற்றிய திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. தலைவர் மூன்று முறை குரல் கேட்டார், மூன்று முறையும் இரு பக்கமும் சமமாக ஒலித்தது, கடைசியில் நிறைவேறியதாக அறிவித்தார். 2016 கிளீவ்லாந்து குடியரசுக் கட்சி மாநாட்டில் விதிகளின் மீது பெயர் அழைத்து வாக்கெடுப்புக் கேட்டவர்கள் ஏழு மாநிலங்களின் பெரும்பான்மையைக் காட்ட வேண்டியிருந்தது. சில மாநிலத்தார் கையெழுத்தைத் திரும்பப் பெற்றதும் கோரிக்கை விழுந்தது. பிரதான வாக்கிலும் இரு கட்சிக்கும் வேறுபாடு உண்டு. ஜனநாயகக் கட்சி விதி, தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனச்சாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. குடியரசுக் கட்சியிலோ கட்டுப்பட்ட பேராளர் மாற்றி வாக்களித்தாலும் செயலாளர் கட்டுப்பாட்டின்படியே பதிவார்.

நிஜமான வேலை மாநாட்டுக்கு முன் கூடும் குழுக்களில் நடக்கிறது. குடியரசுக் கட்சியில் கொள்கை அறிக்கை, விதிகள், தகுதிச் சரிபார்ப்பு, நிரந்தர அமைப்பு என்று நான்கு குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாநிலமும் ஆட்சிப்பகுதியும் பேராளரிலிருந்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்பும், ஆக 112 பேர். ஜனநாயகக் கட்சியில் இத்தகைய குழுக்கள் மூன்று. பேராளர்கள் தேர்வான கையோடு இந்த இடங்களைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். விசா, பசுமை அட்டைத் தேக்கம் பற்றி ஒரு வாக்கியம் கட்சியின் கொள்கை அறிக்கையில் ஏற வேண்டும் என்று நினைப்பவர் கேட்க வேண்டியது மேடைக்கு அருகில் நாற்காலி அல்ல, இந்தக் குழுவில் இடம்.

ஆகவே 2027 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியத்தை ஒதுக்குங்கள். ஒன்றரை மணி நேரம் போதும்: கட்சிக்கு நாற்பது நிமிடம், பண விதிக்குப் பத்து நிமிடம். இரண்டு கட்சிகளின் மாவட்டக் கிளைகளுக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் அழைப்பு அனுப்பி, அதன் நகலைச் சங்கக் கோப்பில் வையுங்கள். ஒரு கட்சி வரவில்லை என்றால் அழைத்ததற்கு அதுவே சான்று. உறுப்பினர்களின் காங்கிரஸ் தொகுதி எண்ணை முகவரியை வைத்து முன்கூட்டியே எழுதிவையுங்கள், கூட்டத்தில் அதைத் தேடியே அரை மணி போய்விடும். தமிழ்ப் பள்ளியில் படித்து முடித்த பதினேழு வயதுக்காரர்களையும் கூப்பிடுங்கள். நவம்பர் தேர்தலுக்குள் 18 ஆகிறவர்களைப் பல மாநிலங்களில் பிரைமரியிலும் கட்சிக் கூட்டங்களிலும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் வந்தால் படிவத்தை அங்கேயே கைபேசியில் நிரப்பிவிடுவார்கள். நம் தலைமுறைதான் "அச்சடித்துக் கொடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போய்க் காரின் பின் இருக்கையில் போட்டுவிடும்.

இப்படிக்கு,
இரு கட்சிகளின் பேராளர் தேர்வுப் பணிகளிலும் ஈடுபட்டுள்ள அமெரிக்கத் தமிழர்கள் சிலர்